கொய்பதமும் புலர்பதமும்: குறிஞ்சிப் பாடல்களில் தினையின் முதிர்ச்சியும் அறுவடை முடிவும்

ஆய்வுச்சுருக்கம்

குறிஞ்சித் திணைப் பாடல்களில் தினைப்புனம் களவு வாழ்வின் பின்புலமாகவே பெரும்பாலும் படிக்கப்பட்டு வருகிறது. கதிர் பால் பிடிப்பது முதல் கொய்யப்படுவது வரையிலான பயிரின் பிற்பருவத்தைச் சங்கப் புலவர்கள் தனித்தனிப் பதங்களாகப் பிரித்து அறிந்திருந்தனர் என்பதையும், அப்பதங்களே களவின் காலக்கணக்காக அமைகின்றன என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. தினை முற்றியதால் காவல் முடிந்தது, காவல் முடிந்ததால் தலைவி இற்செறிக்கப்பட்டாள் என்னும் வழக்கமான விளக்கம், பாடல்களிலுள்ள வேளாண் செய்திகளோடு முழுமையாகப் பொருந்தவில்லை. இற்செறிப்பைப் பயிரின் விளைவாகக் கொள்வதைவிடக் குடும்பத்தின் முடிவாகக் கொள்வதே பாடல்களுக்கு நெருக்கமானது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: தினை, கொய்பதம், புலர்பதம், புனங்காவல், இற்செறிப்பு, இருவி, அவரை, வேங்கை, வரைவு கடாதல்

முன்னுரை

தொல்காப்பியம் குறிஞ்சிக்குப் பெரும்பொழுதாகக் கூதிரையும் சிறுபொழுதாக யாமத்தையும் வகுத்து, முன்பனியையும் அதற்கு உரியதாக்குகிறது. கருப்பொருள் வரிசையில் தினை உணாவின்கீழ் வரும். தினை விளைத்தலையும் கிளி கடிதலையும் உரையாசிரியர்கள் செய்தியின்கீழ் வைப்பர். பாடநூல் நிலையில் இவ்வகைப்பாடு போதுமானது. பாடல்களுக்குள் நுழைந்தால் ஓர் இடர்ப்பாடு தோன்றுகிறது. குறிஞ்சியின் சிறுபொழுது யாமம் எனில், பகலில் நிகழும் கிளிகடிதலும் அதையொட்டிய பகற்குறியும் எந்தப் பொழுதைச் சார்ந்து நிற்கின்றன? நூற்பாவின் யாமம் இரவுக்குறிக்கு இயல்பாகப் பொருந்துகிறது. பகற்குறியின் தொடக்கத்தையும் முடிவையும் அது கூறவில்லை. அவற்றைக் கூறுவது தினையின் வளர்ச்சிநிலை. கதிர் பால் பிடிக்கும்போது பகற்குறி தொடங்குகிறது, கொய்யப்படும்போது முடிகிறது. உணா என்று வகைப்படுத்தப்பட்ட ஒரு கருப்பொருள் இங்கே பொழுதின் வேலையைச் செய்கிறது.

ஏ.கே. ராமானுஜன் குறுந்தொகை மொழிபெயர்ப்புக்கு இட்ட தலைப்பு 'அகநிலக்காட்சி' என்னும் பொருள்படுவது (1967). அந்நூலுக்குப் பின் திணைநிலங்களை மனநிலையின் குறியீடுகளாகக் காணும் போக்கு வலுப்பெற்றது. முற்றிய கதிரில் பருவம் எய்திய தலைவியையும், கிளியில் தலைவனையோ அலரையோ காணும் உள்ளுறை விளக்கங்கள் பிழையானவை அல்ல. ஆயினும் நிலத்தை முழுவதும் அகத்துக்குள் எடுத்துக்கொண்டால், கொய்யும் நாளை யார் குறித்தார்கள் என்னும் எளிய வினா கேட்கப்படாமலே போகிறது. இக்கட்டுரை அந்த வினாவிலிருந்து தொடங்குகிறது.

பதங்களின் சொல்வளம்

இன்றைய வேளாண் அறிவியல் சிறுதானிய மணியின் வளர்ச்சியைப் பால் பருவம், மாவுப் பருவம், முதிர்ச்சி எனப் பகுக்கிறது. பறவைச் சேதம் பால் பருவத்திலேயே கடுமையாகத் தொடங்குகிறது. சங்கப் பாடல்களில் இவற்றுக்கு நிகரான நிலைகள் தெளிவாகப் பதிவாகியுள்ளன. குறுந்தொகை 198இல் கபிலர் காட்டும் தினை, மரத்தைச் சுட்டுத் திருத்திய புனத்தில் கரும்பையொத்த அடித்தண்டோடு நிற்கிறது. கதிர் பால் கட்டி, பிடியானையின் கைபோல் வளைந்திருக்கிறது. அந்த நிலையில்தான் கிளி வருகிறது, தோழியும் தலைவியும் காவலுக்குச் செல்கிறார்கள், தாயும் அங்கு வரக்கூடும் என்ற எச்சரிக்கை தலைவனுக்குச் சொல்லப்படுகிறது. பயிர்நிலை, பூச்சி புள் வருகை, உழைப்புத் தேவை, குடும்பக் கண்காணிப்பு ஆகிய நான்கும் ஒரே நாளில் வந்து சேர்வதை அச்சிறு பாடல் எவ்வித விளக்கமும் இன்றி வைக்கிறது.

அடுத்த நிலை கொய்பதம். கொய்வதற்கு ஏற்ற பக்குவம் என்னும் பொருளுடைய இச்சொல், நற்றிணை 57இலும் மலைபடுகடாத்திலும் வருகிறது. மலைபடுகடாம் கூத்தர் செல்லும் வழியின் வளத்தைக் கூறுமிடத்து, வளைந்த கதிர்த் தினை கொய்பதம் உற்றதை ஒரு நற்செய்தியாகச் சொல்கிறது. நற்றிணை 57இல் அதே சொல் துயரச் செய்தி: கொய்பதம் நெருங்கும் காலத்தில் தலைவியின் நலம் தொலைகிறது. ஒரே வேளாண் கலைச்சொல் ஆற்றுப்படையில் வளமாகவும் அகத்தில் கெடுவாகவும் நிற்பது, சொல்லின் பொருள் மாறியதால் அன்று. யாருடைய நாட்காட்டியில் அது எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

நற்றிணை 259இல் வருவது புலர்பதம். தலைவனோடு புனத்தில் தங்கி, கிளி ஓட்டி, அருவி ஆடி, சந்தனம் பூசித் திளைத்த நட்பு இனி அரிதாகும் போலும் என்று கவலும் கூற்று அது. கடல் பின்வாங்கியதைப் போல ஏனற் கதிர்கள் புலர்பதம் கொண்டன என்று முடிகிறது. பசுமையின் ஈரம் வடிந்து புனம் வெளிறும் காட்சிக்கு இதனினும் பொருத்தமான உவமையை எண்ணுவது கடினம். கொய்பதமும் புலர்பதமும் ஒன்றேயா என்பது ஆராயத்தக்கது. பொருளளவில் முன்னது கொய்யத் தகுந்த நிலை, பின்னது உலரும் நிலை. இரண்டுக்கும் இடையில் உழவன் ஒரு கணக்குப் போடுகிறான். முன்னரே கொய்தால் மணி சூம்பும், ஈரக் கதிரில் பூசணம் பிடிக்கும். உலரட்டும் என்று விட்டால் ஒவ்வொரு நாளும் கிளிக்கும் குரங்குக்கும் மழைக்கும் ஒரு பங்கு போகும். நற்றிணை 22இல் முந்தி விளைந்த கதிரைக் கொண்டுபோன மந்தி, உள்ளங்கையில் கசக்கிக் கடுவனோடு உண்ணும்போது அதன் முதுகு மழையில் நனைந்திருக்கிறது. முதல் கதிர்கள் முற்றும் வேளையில் மழை ஓயவில்லை என்பது அக்காட்சியிலேயே உள்ளது. கூதிர் மழையில் தினை அறுவடை என்பது காத்திருப்பதற்கும் முந்திக்கொள்வதற்கும் இடையிலான தேர்வு. அத்தேர்வுக்கு இடம் இருந்தது என்பதே இங்கு முக்கியம்.

பதங்களைப் பயிர்தோறும் பிரித்தறியும் நுட்பம் அகத்துக்கு மட்டும் உரியதன்று. புறநானூறு 120இல் கபிலர் பாரியின் நாட்டை நினைக்கும்போது, கார்மழையின் ஈரத்தில் பலமுறை உழுது விதைத்தது, பல்லி ஓட்டியது, களை எடுத்தது, கதிர் ஒருசேர விரிந்து மேலும் கீழும் குறைவின்றிக் காய்த்தது எனப் பருவத்தை முதலிலிருந்து சொல்லி வருகிறார். பின்னர் வரகு அரியப்படுகிறது, தினை கொய்யப்படுகிறது, எள் கறுக்கிறது, அவரை பறிக்கும் பதம் அடைகிறது. நான்கு பயிர்களுக்கு நான்கு வேறு வினைகள். எள்ளுக்கு அறுவடை வினையே இல்லை. காயின் நிறமாற்றம்தான் அதன் அளவுகோல். வரகை அரிவாளால் அரிவது ஒரே வீச்சில் முடியும் வேலை. தினையைக் கதிர் கதிராகக் கொய்வது, முந்தியதை முதலிலும் பிந்தியதைப் பிறகும் எடுக்க இடமளிக்கும். தினைக்கு 'முந்துவிளை' என்னும் அடை திரும்பத் திரும்ப வருவதன் பின்னணி இதுவாகலாம். பிட்டங்கொற்றனைப் பாடும் புறநானூறு 168இல் குறவர், பன்றி கிளறிய புழுதியில் உழாமலே விதைத்த தினையின் முந்து விளைச்சலை நல்ல நாளில் புதிதுண்கிறார்கள். குறுந்தொகை 105இல் கடவுளுக்கு இட்ட கதிரை அறியாமல் மயில் உண்டுவிடுகிறது. முதல் கதிர் தெய்வத்துக்கு, அடுத்தது விருந்துக்கு, மிகுதி களத்துக்கு என அறுவடை பல நாட்களில் விரிந்து கிடந்ததை இவை உணர்த்துகின்றன.

காவலின் பங்கீடு

ஐங்குறுநூற்றின் குறிஞ்சிப் பகுதியில் பத்துப் பத்துகள் உள்ளன. அவற்றுள் கேழற்பத்து, குரக்குப்பத்து, கிள்ளைப்பத்து, மஞ்ஞைப்பத்து என நான்கு, புனத்தை மேயும் உயிர்களின் பெயரால் அமைந்தவை. இவ்வுயிர்களைக் கருப்பொருள் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறோம். புனத்தில் நிற்பவருக்கு இவை பயிர்ப்பகை. பகைக்கேற்பக் காவலும் பிரிந்தது. பகலில் வரும் கிளிக்கும் பிற புள்ளுக்கும் பெண்கள். இரவில் வரும் யானைக்கும் பன்றிக்கும் பரண்மேல் ஆண்கள். குறிஞ்சிப்பாட்டு தலைவியின் கையில் தழலும் தட்டையும் குளிரும் தருகிறது. அகநானூறு 102இல் பரணில் இருக்கும் கானவன் கள்ளுண்டு மகிழ்ந்து கிடக்க, கொடிச்சி பாடும் குறிஞ்சிப் பண்ணைக் கேட்டு, கதிர் கவர வந்த யானை கதிரையும் கொள்ளாமல் இடமும் பெயராமல் உறங்கிவிடுகிறது. (குளிர் என்னும் சொல் கிளிகடி கருவியையும் அரிவாளையும் குறிப்பது சுவையானது. மலைபடுகடாத்தில் அவரைக்காய்க்கு உவமையாக வரும் குளிரை அரிவாள் என்றே கொள்வர். காக்கும் கருவிக்கும் அறுக்கும் கருவிக்கும் ஒரே பெயர்.)

பெண்களின் பகற்காவல் உழைப்பு என்பதைப் பாடல்கள் மறைக்கவில்லை. ஆனால் அதை நேர்மையான காவலாகவும் காட்டவில்லை. கிள்ளைப்பத்தின் முதற்பாடலில் தலைவன் கிளிகள் ஊழியளவும் வாழ்க என வாழ்த்துகிறான், அவற்றால்தான் தலைவி புனத்துக்கு வருகிறாள் என்பதால். குறுந்தொகை 291இல் கொடிச்சி குளிரோடு பாடும் குரலைத் தங்களை அழைக்கும் குரல் என எண்ணிக் கிளிகள் புனத்தை விட்டு எழுவதில்லை. நற்றிணை 102இல் தலைவி கிளியிடம் அஞ்சாமல் தின்னச் சொல்லி, தின்று முடித்தபின் தலைவனிடம் தூது செல்ல வேண்டுகிறாள். காவல்காரியே பயிர்ப்பகைக்குக் கையூட்டுத் தருகிறாள்!

இழப்பு கணக்கில் வராமல் போவதில்லை. நற்றிணை 147இல், தினை முழுவதும் கிளி கொண்டுபோக எங்கே சென்றிருந்தீர்கள் என்று தாய் கேட்கிறாள். தலைவி, மலைநாடனை எனக்குத் தெரியவே தெரியாது, கண்டதும் இல்லை என்று கேளாத கேள்விக்கு விடை சொல்லி அகப்பட்டுக்கொள்கிறாள். பயிர்ச்சேதம் இங்கே களவின் சான்றாவணம். தாய் கதிர்களை எண்ணிப் பார்த்துத்தான் மகளை அறிகிறாள். இப்பாடலின் நகைச்சுவையைப் பலரும் பாராட்டுவர். தாயின் கேள்வி முற்றிலும் வேளாண்மை சார்ந்தது என்பது அதே அளவு கவனத்துக்கு உரியது.

தந்தையின் சொல்லும் தாயின் பார்வையும்

இக்கட்டுரையின் வாதத்துக்கு மையமானது நற்றிணை 206. இளங்கதிர்கள் பால் கட்டி வளைந்தன, கிளிகள் பாறையின்மேல் கூடுகின்றன, தட்டையை அடியுங்கள், கவணைத் தொடுங்கள் என்று தந்தை வந்து சொல்கிறான். அருகில் இருந்த அன்னை, இனி நல்ல நாளில் வேங்கையும் மலரட்டும் என்று சொல்லி மகளின் முகத்தைப் பார்க்கிறாள். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று மகள் தோழியிடம் கேட்கிறாள். புனத்துக்குப் போகட்டும் என்பதா, இனி வீட்டில் அடைப்பேன் என்பதா, அல்லது தலைவனின் நட்பை அறிந்துகொண்டாளா? தெரியவில்லை என்பதோடு பாடல் முடிகிறது.

தந்தை பேசுவது பயிரின் இன்றைய நிலையை. தாய் பேசுவது பயிரின் முடிவை. வேங்கை மலர்தல் தினை கொய்யும் காலத்தின் அடையாளம். மணநாளின் அடையாளமும் அதுவே. கதிர் பால் பிடித்த அன்றே தாய் கொய்யும் நாளைப் பற்றி நினைக்கத் தொடங்கிவிட்டாள். ஒரே புனத்துக்கு ஒரே வீட்டில் இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. தந்தையின் திட்டத்துக்கு மகள் தேவை. தாயின் திட்டத்தில் மகள் புனத்தில் இருப்பதற்கு முடிவு நாள் குறிக்கப்படுகிறது. மகளுக்குத் தாயின் சொல் புரிகிறது, பார்வைதான் புரியவில்லை. முற்றிய தினையே இற்செறிப்பைக் கொண்டுவரும் என்றால் இந்த ஐயத்துக்கே இடமில்லை. தாயின் முடிவு கதிரைப் பொறுத்து மட்டும் அமைவதில்லை என்பதை மகள் அறிந்திருப்பதால்தான் அவள் அஞ்சுகிறாள்.

குறுந்தொகை 217 இதை மறுபக்கத்திலிருந்து உறுதிப்படுத்துகிறது. தினையில் கிளி கடிக என்று சொன்னால் பகலில் சந்திப்பது இயலும் என்கிறது அப்பாடலின் கூற்று. இரவில் நீ வருவதால் உனக்கு நேரும் இடையூற்றுக்கு அஞ்சுகிறேன் என்று தொடர்கிறது. உடன்போக்கின் பக்கம் நகர்கிறது. பகற்குறி முழுவதும் வீட்டாரின் ஒரு கட்டளைச் சொல்லில் தொங்குகிறது. அச்சொல் 'சொன்னால்' என்னும் நிபந்தனையாகவே வருகிறது. தினை விளைந்து நிற்பது போதாது. போ என்று யாராவது சொல்ல வேண்டும்.

கால அளவையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். இன்று பயிரிடப்படும் தினை வகைகள் 80 முதல் 90 நாட்களில் அறுவடைக்கு வரும். கதிர் வெளிவந்தபின் கொய்யும் வரை ஏறத்தாழ ஒரு மாதம், சில வகைகளில் சற்றுக் கூடுதல். சங்ககால வகைகளுக்கு இந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. அளவின் வரம்பை உணர்வதற்கு மட்டும் இது உதவும். இறையனார் களவியல் களவுக்காலம் இரண்டு திங்களுக்குள் அமையும் என வரையறுக்கிறது. பகற்குறிக்கு ஒரு கதிர்ப்பருவமும், அதன்பின் இரவுக்குறிக்கும் வரைவுக்கும் எஞ்சிய நாட்களும் என்று கொண்டால் இரு கணக்குகளும் முரணின்றி நிற்கின்றன. அந்நூற்பா தினையைக் கருதி எழுந்தது என்று இதைக்கொண்டு வாதிட முடியாது. புனத்தின் ஒரு மாதம் களவின் காலவரம்புக்குள் இயல்பாக அடங்குகிறது என்பதோடு நிறுத்துவதே முறை.

கொயல் தொடங்கிய நாள்

நற்றிணை 306இல் அறுவடை தொடங்குகிறது. தந்தை விதைத்த தினையில் கிளி கடிவது இனி எங்கே என்று பாடல் தொடங்குகிறது. கையில் குளிர் பிடித்த கொடிச்சி இனிப் போகலாம் என்று நல்ல, இனிய சொற்களைக் கூறி, கானவர் மெல்லக் கொய்யத் தொடங்கினார்கள். சூலின் சுமையை இறக்கிவைத்ததுபோல் கதிர் நீங்கிய இருவித் தட்டைகள், விழா முடிந்த களத்தைப்போல் வெறிச்சென்று நிற்கின்றன. அவள் தங்கியிருந்த அச்சிறு புனத்தை இனி எவ்வாறு வந்து காண்பது என்பது பாடலின் வருத்தம்.

கானவரின் இன்சொல் வழக்கமாக அன்பின் அடையாளமாகவே உரைக்கப்படுகிறது. வேலையிலிருந்து ஒருவரை விடுவிக்கும் சொல் அது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கொய்தல் தொடங்கியிருக்கிறது, முடியவில்லை. கதிர்கள் புனத்தில் இருக்கும்வரை கிளிகள் வரும். காவலுக்குத் தேவை அன்றைக்கும் இருந்தது. அவளுக்கு மட்டும் விடை கொடுக்கப்பட்டது. 'மெல்ல' என்னும் சொல் இந்த இடத்தில் கடுமையாக ஒலிக்கிறது என்பது கட்டுரையாளர் கருத்து. யாரும் சினக்கவில்லை, யாரும் அடைக்கவில்லை. மிக மரியாதையாக ஒரு வாழ்வு முடித்துவைக்கப்பட்டது.

இருவியில் ஏறிய அவரை

தினை கொய்தபின் புனம் வெறுமையாகிறது, எனவே தலைவிக்கு அங்கு வேலையில்லை என்னும் விளக்கத்துக்கு எதிரான வலுவான சான்று அவரை. மலைபடுகடாத்தில் தினைக் கதிர் கொய்த இருவிதோறும் அவரை வளைந்த காய்களைக் கொண்டு நிற்கிறது. குறுந்தொகை 82இல் குறவனின் பெரும்புனத்தில் சிறுதினையின் மறுகாலில் கொழுங்கொடி அவரை பூக்கிறது. அது அரும்பனிக்குரிய அச்சிரக் காலம். தினை கூதிரில் கொய்யப்பட்டால், அத்தட்டையையே கொழுகொம்பாகக் கொண்டு அவரை முன்பனியில் பூத்துக் காய்க்கிறது. தொல்காப்பியம் குறிஞ்சிக்குக் கூதிரோடு முன்பனியையும் சேர்த்தது இவ்விரு பயிர்ப்பருவத்தோடு ஒத்துப்போவது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் ஒரு புனம், இரு பயிர், இரு பருவம் என்னும் தொடர்ச்சி பாடல்களில் உள்ளது.

கிள்ளைப்பத்தில் ஒரு பாடல் (ஐங். 286) இதற்கு மேலும் ஒரு செய்தி சேர்க்கிறது. சிறுதினை கொய்த இருவியின் வெண்மையான தாளில் காய்த்த அவரையில் படியும் கிளியைக் கடிகிறார்கள். கடிபவர் யார் என்று பாடல் சொல்லவில்லை. தலைவி என்று நாம் சேர்த்துப் படிக்க இயலாது. யாரோ ஒருவர் தினைக்குப் பின்னும் அதே புனத்தில் அதே கிளியை ஓட்டிக்கொண்டு நிற்கிறார் என்பது மட்டும் ஐயமின்றித் தெரிகிறது. குறுந்தொகை 133இல் கிளி கதிரைக் குறைத்து உண்ட இருவிகூடப் பெருமழை பெய்தபின் இலை தழைக்கிறது. அறுத்ததும் அழிந்ததுமான பயிர்கள் புலவர்களின் கண்ணில் முடிந்துபோனவை அல்ல.

ஆகவே தினை கொய்யப்பட்டதும் காவல் வேலை தீர்ந்துவிட்டது என்று கொள்ள முடியாது. தலைவியை மீண்டும் அனுப்பியிருக்க முடியும், அனுப்பவில்லை. இங்கே ஒரு மறுப்பு எழலாம். அகப்பாடல்கள் வேளாண் ஆவணங்கள் அல்ல, துறை மரபுக்குட்பட்ட நாடக வழக்கு. தினை முதிர்வு ஒரு கூற்றுக்கான வாய்ப்பு மட்டுமே என்பர். மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் மரபு ஒரு பயிரின் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அடுத்த கட்டத்தைத் தோழியின் வாதங்களில் பெரிதும் பேசாமல் விடுவதும் ஒரு தேர்வே. வரைவு கடாவும் தோழிக்கு 'இனி நேரமில்லை' என்று சொல்லத் தினை வேண்டும். அவரையும் உண்டு என்று அவள் சொல்லத் தொடங்கினால் அவளுடைய வாதம் தளர்ந்துவிடும். தலைவனை விரைவுபடுத்தத் தோழியும், மகளை அடைக்கத் தாயும், ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமலே அவரையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

கணியாகிய வேங்கை

பிற்காலக் கோவை இலக்கியத்தில் இச்சிக்கல் வேறு வடிவம் பெறுகிறது. 25 அதிகாரங்களும் 400 பாடல்களும் கொண்ட திருக்கோவையாரில், பகற்குறி அதிகாரத்துக்குள் தினை முதிர்வு உரைத்து வரைவு கடாதல், தினையொடு வெறுத்து வரைவு கடாதல், வேங்கையொடு வெறுத்து வரைவு கடாதல், கொய்தமை கூறி வரைவு கடாதல், வறும்புனம் கண்டு வருந்தல் எனக் கிளவிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. பயிரின் பிற்பருவம் முழுவதும் ஒரு வரிசையாகச் சட்டமிடப்பட்டுவிட்டது. சங்கப் பாடலில் ஒருமுறை ஒருவர் எடுத்த முடிவாக இருந்தது, இங்கே ஒவ்வொரு கோவையிலும் தவறாமல் நிகழும் கட்டமாகிவிட்டது.

அதைவிட முக்கியமானது பழி இடம்பெயர்ந்தது. வேங்கைக்குக் கணி என்றொரு பெயர் உண்டு. நாள் குறிப்பவன் என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. கோவைத் தோழி இந்தச் சிலேடையைப் பிடித்துக்கொள்கிறாள். வேங்கை அரும்பிய அன்றே அரும்பறக் கொய்திருந்தால் அது தினையை முற்றச் செய்து நாள் சொல்லியிருக்குமா, மதி மறந்துவிட்டோமே என்று நோகிறாள். கற்பனை அழகானது. நற்றிணை 206ஐ அருகில் வைத்துப் பார்த்தால் ஒரு மாற்றம் புலப்படும். அங்கே வேங்கை மலரட்டும் என்றவள் தாய். நாள் குறிக்கும் ஆசை அவளுடையது, மரம் அவளுக்கு ஒரு சாக்கு. கோவையில் தாய் முன்னணியிலிருந்து விலகிக்கொள்ள, மரமே சோதிடனாகித் தீர்ப்புச் சொல்கிறது. தோழி சண்டையிடுவதும் மரத்தோடுதான். கானவரின் இன்சொல்லுக்கும் அங்கு இடமில்லை.

இம்மாற்றத்தைக் கோவையின் குறையாகக் கொள்வது நியாயமன்று. நானூறு துறைகளை வரிசையாகக் கட்டிச் செல்லும் இலக்கிய வகைக்கு உறுதியான நாள் தேவை, மரம் அதைத் தருகிறது. நம் இடர் வேறு. கோவையின் சட்டத்தைக் கையில் கொண்டு பின்னோக்கிச் சென்று சங்கப் பாடல்களைப் படிக்கும்போது, வேங்கை மலர்ந்தது, தினை முற்றியது, தலைவி செறிக்கப்பட்டாள் என்று மூன்று நிகழ்ச்சிகளும் இயற்கை விதிபோல் ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றன. இடையில் முகத்தை உற்றுநோக்கிய தாய் காணாமல் போகிறாள்.

அதே அதிகாரத்தில் தலைவன் வறும்புனத்துக்கு வருகிறான். பொழிலையும் புனத்தையும் பார்த்து உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கிறான்; தேனில் கைப்பைக் கலந்ததுபோல் இருக்கிறது என்கிறான். நற்றிணை 306இன் விழா முடிந்த களத்திலாவது தலை மொட்டையான இருவிகள் நின்றன. கோவையின் புனத்தில் இருவியும் இல்லை, அதில் ஏறும் அவரையும் இல்லை.